இடதா, வலதா

தாடையை இந்தக் குழிவில் வையுங்கள்,
நெற்றியை அந்தப் பட்டையில்.
இல்லை, இன்னும் சற்றுக் கீழே.
உர்மோ குனிந்தபோது முதுகில் எங்கோ நெட்டி முறிந்தது.
தார்த்து நகரத்தில் ஜனவரி; மூன்றரை மணிக்கே இருட்டு.
எங்கள் அறைக்கு அது ஒரு பொருட்டில்லை,
சன்னலில் கறுப்பு அட்டை ஒட்டி ஆறு வருடமாகிறது.

திரையில் ஒரு கோடு.
அதற்கு நேர் கீழே இன்னொன்று.
நேர் என்று நான் சொல்லக்கூடாது.
மேல்கோடு கீழ்க்கோட்டுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா,
அவர்தான் சொல்ல வேண்டும்.
இரண்டே பொத்தான்கள்.

"தெரியவில்லை என்றால்?"
தெரியாது என்பதற்குப் பொத்தான் இல்லை.
"பிறகு?"
எதையாவது அழுத்துங்கள். விரலுக்குத் தெரிந்திருக்கும்.

அவர் சாலையில் கோடு போடுகிறவர்.
கோடை முழுக்க வண்டியின் பின்னால் நடந்து
போகிறவர்களையும் வருகிறவர்களையும்
வெள்ளைச் சாயத்தால் பிரிக்கிற வேலை.
பனிக்காலத்தில் சாலையே கண்ணில் படாது.
மணிக்கு எட்டு யூரோ என்ற நோட்டீசைப் பார்த்து வந்தார்.
"கோடு நேரா என்று பார்ப்பதற்கா காசு?" என்று சிரித்தார்,
"பன்னிரண்டு வருடமாக வாங்குகிறேனே."

முதல் சுற்றில் நூற்றுக்கு நூறு.
பிசகைக் குறைத்தேன்.
பென்சில் முனையளவு. தலைமயிரளவு. மயிரில் கால்வாசி.
கண்ணுக்குள் வெளிச்சத்தை வாங்கும் செல்களுக்கு
ஓர் அகலம் உண்டு;
அதைவிடச் சிறிய பிசகையும் கண் பிடித்துவிடும்.
சல்லடை தன் ஓட்டையைவிடச் சிறிய குருணையை
எப்படிப் பிடிக்கும் என்று மாணவர்கள் கேட்பார்கள்.
பதில் மாதிரி ஒன்றைச் சொல்லிவைப்பேன்.

உர்மோ பிடித்தார். இம்மி இம்மியாக.
நூல் பிடித்தாற்போல் என்பார்கள்;
அவருக்கு நூலே தடிமன்.

அவரிடம் சொல்லாதது ஒன்று:
நடுநடுவே நாற்பது முறை
இரண்டு கோடுகளும் மிகச் சரியாக ஒன்றன்கீழ் ஒன்று.
பிசகும் கிடையாது, சரியான விடையும் கிடையாது.
அந்த நாற்பதில் முப்பத்தொரு முறை
அவர் இடதை அழுத்தியிருந்தார்.

காகிதத்தைக் காட்டியிருக்க வேண்டியதில்லை.
காட்டினேன்.

"அப்படியானால் நேராக இருப்பது எனக்கு இடது."
கொஞ்சம்தான். எல்லோருக்கும் ஏதோ ஒரு பக்கம் உண்டு.
"எனக்கு நேராகத் தெரிவது?"
இம்மி வலது.

ஒரு கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றார்.
"வோரு சாலையில் அறுபது கிலோமீட்டர் என்னுடையது."
இருபத்துநான்கு யூரோ ரசீதில் கையெழுத்திட்டார்,
கோட்டின்மேல் அல்ல,
அதற்குக் கொஞ்சம் கீழே.

அன்றிரவு நானே உட்கார்ந்தேன்.
தாடை குழிவில், நெற்றி பட்டையில்.
நாற்பதில் இருபத்தெட்டு வலது.
இத்தனை நாள் கருவியைச் சரிபார்த்தது
இந்தக் கண்தான்.

ஏப்ரலில் சாலை வெளியே வந்தது.
வேறு வேலையாக வோருவுக்குப் போனேன், அப்படித்தான் வீட்டில் சொன்னேன்.
முப்பத்தேழாம் கிலோமீட்டரில்
ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்கிய இடம்;
அங்கே வெள்ளை ஒரு பிடி மாறுகிறது.
ஓரங்கட்டி இறங்கினேன்.
அந்தப் பக்கத்துத் துண்டு சற்று வலது.
அல்லது நேர்; நான்தான் வலதாகப் பார்க்கிறேன்.
குனிந்தேன். ஒரு கண்ணை மூடினேன். மற்றதை மூடினேன்.
மரம் ஏற்றிய லாரி ஒன்று ஹார்ன் அடித்தபடி
அந்த மூட்டின் மேலேயே போனது,
ஓட்டுநர் கையசைத்தானா திட்டினானா தெரியவில்லை.

அளவுகோல் காரில் இருந்தது.
எடுத்துவரப் போனவள்
இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி,
வண்டியைக் கிளப்பிவிட்டேன்.